பேயா, பிணியா? — மூன்று ஊர்களுக்கு ஒரு யாத்திரை

திருச்சிராப்பள்ளியிலிருந்து காவிரியையும் கொள்ளிடத்தையும் கடந்து, முசிறிச் சாலையில் மேற்கு நோக்கிச் சுமார் 20 கிலோ மீட்டர் சென்றால் குணசீலம் என்னும் சிற்றூர் வருகிறது. இடது புறம் காவிரி. வலது புறம் வாழையும் நெல்லும். இங்கே எழுந்தருளியிருப்பவர் பிரசன்ன வேங்கடாசலபதி. திருப்பதிக்குப் போக இயலாதவர்கள் தங்கள் பிரார்த்தனையை இங்கே செலுத்தலாம் என்பது ஐதிகம். ஆனால் இவ்வூரின் பெயர் தமிழ்நாடெங்கும் பரவியிருப்பதற்குக் காரணம் அதுவன்று. சித்தம் கலங்கியவர்களை இந்தச் சந்நிதிக்கு அழைத்து வந்து, ஒரு மண்டலம், அதாவது 48 நாள் தங்கவைத்தால் தெளிவு பிறக்கும் என்று ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக நம்பி வருகிறார்கள். பெருமாள் செங்கோல் ஏந்தி நிற்கிறார். துஷ்ட தேவதைகளை அந்தக் கோலால் விரட்டுகிறார் என்பது நம்பிக்கை. உச்சிப்பொழுதிலும் இரவிலும் பூஜை முடிந்ததும் நோயாளிகளை வரிசையாக அமரவைத்து முகத்தில் தீர்த்தம் தெளிக்கிறார்கள்.

அந்த வேளையில் மண்டபத்தில் நின்று பார்ப்பவனுக்கு மனம் இளகாமல் இராது. தீர்த்தம் விழும் முகங்களில் பெரும்பாலானவை இளம் முகங்கள். பக்கத்தில் தாய் இருக்கிறாள், அல்லது தமக்கை, அல்லது மனைவி. ஒருவர் தனியாக வந்திருப்பதைக் காண்பது அரிது. அவர்கள் சொல்லும் கதைகளும் ஏறக்குறைய ஒன்றே. பையன் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தான். பதினெட்டு அல்லது இருபது வயதில் சிநேகிதர்களை விட்டு விலகினான். குளிப்பதில்லை, உறங்குவதில்லை. பிறகு ஒரு நாள், அடுத்த வீட்டார் தன்னைக் கொல்லச் சதி செய்கிறார்கள் என்றான்; சோற்றில் விஷம் கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளினான். ஆளில்லாத அறையில் யாரோ தன்னைப் பெயர் சொல்லி அழைப்பதாகவும், தன் எண்ணங்களை யாரோ வெளியிலிருந்து ஆட்டிவைப்பதாகவும் சொன்னான்.

பெற்ற பிள்ளையின் வாயிலிருந்து பிள்ளைக்குரியதல்லாத பேச்சு வரும்போது, உள்ளே வேறு யாரோ புகுந்துவிட்டார்கள் என்று ஒரு தாய் நினைப்பது மூடத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். அவள் கண்டதைக் கொண்டு செய்த ஊகம் அது. ஆனால் ஊகம் இயல்பானது என்பதனாலேயே சரியானதாகிவிடாது.

இந்நோய்க்கு இன்று தமிழில் மனச்சிதைவு என்று பெயர். சுவிட்ஸர்லாந்து தேசத்து டாக்டர் யூஜின் பிளாய்லர் 1908-ஆம் ஆண்டில் கிரேக்கச் சொற்களைக் கொண்டு இதற்கு ஸ்கிஸோஃபிரினியா என்று பெயரிட்டார். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் இந்நோயுடன் வாழ்கிறார். ஜாதி, மதம், தேசம், செல்வம் எதையும் இது பார்ப்பதில்லை. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கத் தவறிய வீட்டில் மட்டும் இது வருவதாயிருந்தால், குலதெய்வமே இல்லாத தேசங்களில் இது இருக்கக் கூடாதல்லவா?

இதெல்லாம் தெரிந்தும் படித்த குடும்பங்களே முதலில் மாந்திரிகனிடம் போவது ஏன்? கோவில் வெளிப்பிராகாரத்தில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு முதிய அம்மாள் இதற்கு விடை சொன்னார். "முனி பிடித்தது என்றால் ஊரே இரக்கப்படும், ஐயா. என்றைக்காவது இறங்கிப் போய்விடும் என்று இருக்கலாம். மூளையில் நோவு என்று சொன்னால் இவன் தங்கையை யார் கட்டிக்கொள்வார்கள்?" எந்த ஆராய்ச்சிப் புஸ்தகமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடாது. பேய் என்பது வெளியிலிருந்து வந்த விருந்தாளி. வியாதியோ குடும்பத்தின் சொத்து. ஆகவே பேய் என்னும் பதில், நோயாளியைக் காக்காவிட்டாலும் குடும்பத்தின் மானத்தைக் காக்கிறது. பகுத்தறிவுப் பிரசங்கம் எவ்வளவு செய்தாலும் இந்த மானப் பிரச்னை தீராத வரையில் மாந்திரிகன் வீட்டு வாசலில் கூட்டம் குறையாது.

பேயா பிணியா என்ற இந்த விவாதம் மேனாட்டார் நமக்குக் கொண்டுவந்து கொடுத்த விவாதம் என்று எண்ண வேண்டாம். நம் முன்னோர்களே இதை நடத்தியிருக்கிறார்கள். சரக ஸம்ஹிதை உன்மாதத்தை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. நான்கு, வாத பித்த கபங்களின் கோளாறால் விளைபவை. ஐந்தாவது, வெளியிலிருந்து வருவது. தேவர், கந்தர்வர், பிசாசர் முதலியோர் இந்த ஐந்தாவதில்தான் வருகின்றனர். ஆனால் அந்த இடத்திலும் சரகர் ஒரு நிபந்தனை வைக்கிறார்: தன் செயலால் தானே கெட்டுக்கொள்ளாதவனைப் பிசாசோ ராட்சசனோ வந்து கெடுப்பதில்லை என்கிறார், நோய்க்குத் தெய்வங்களையும் பித்ருக்களையும் குற்றம் சொல்லாதே என்றும் அறிவுறுத்துகிறார். இரண்டாயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த நூல் பேயின் அதிகாரத்தை இவ்வளவு சுருக்கியிருப்பது நாம் பெருமை கொள்ளத் தக்கதே. எனினும் ஒரு குறை உண்டு. பேயை விடுவித்த சரகர், குற்றத்தை நோயாளியின் தலையில் வைத்துவிட்டார். இன்றைய சாஸ்திரம் இன்னும் ஓர் அடி முன்னே போய், பேயும் குற்றவாளியல்ல, நோயாளியும் குற்றவாளியல்ல என்கிறது.

நமது வைத்தியர்கள் பேச்சோடு நிற்கவில்லை. சர்ப்பகந்தி என்னும் மூலிகையின் வேரைச் சித்தப் பிரமைக்குக் கொடுப்பது இந்நாட்டில் வெகுகால வழக்கம். 1931-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர் அந்த வேரைப் பரிசோதித்து, இரத்தக் கொதிப்புக்கும் மனக் கலக்கத்துக்கும் அது உதவுவதை மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். 1952-இல் சுவிஸ் ரசாயன நிபுணர்கள் அதன் சாரத்தைப் பிரித்தெடுத்து ரெஸர்பின் என்று பெயரிட்டனர். அதே 1952-இல் பாரிஸ் நகரத்தில் டாக்டர்கள் தெலேயும் தெனிக்கரும் குளோர்ப்ரோமஸின் என்னும் மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்து, வருஷக்கணக்கில் ஓயாத குரல்கள் அடங்குவதைக் கண்டார்கள். பின்விளைவுகள் காரணமாக ரெஸர்பின் பிற்பாடு ஒதுக்கப்பட்டது. குளோர்ப்ரோமஸினின் சந்ததிகளே இன்று உலகெங்கும் வழங்குகின்றன.

இந்த மருந்துகள் தமிழ்நாட்டில் என்ன செய்தன என்று அறிய வேண்டுமானால், காவிரிக் கரையை விட்டுச் சென்னைக்கு வரவேண்டும், கீழ்ப்பாக்கத்துக்குப் போகவேண்டும். தமிழனுக்கு இந்த ஊர்ப் பெயரே ஒரு வசை. "என்னப்பா, கீழ்ப்பாக்கத்திலிருந்து தப்பி வந்தாயா?" என்று கேட்காத பள்ளிக்கூடப் பிள்ளை உண்டா? அப்படிப் பெயர் போன ஆஸ்பத்திரியின் சரித்திரம் 1794-இல் தொடங்குகிறது. கம்பெனி சர்க்காரின் ரண வைத்தியர் வாலன்டைன் கானலி 16 பேருக்கு இடமுள்ள ஒரு வீட்டில் இதனை ஆரம்பித்தார். 1871-இல் கீழ்ப்பாக்கத்துத் தோட்டத்துக்கு இது வந்தது. 1922-இல் பைத்தியக்காரர் விடுதி என்ற பெயர் மாறி மனநோய் ஆஸ்பத்திரியாயிற்று. மரங்கள் அடர்ந்த பெரிய வளவு; நடுவே பழைய கட்டிடங்கள். நான் எதிர்பார்த்த கூச்சல் அங்கே இல்லை. வெளிநோயாளிகள் பகுதியில், மற்ற ஆஸ்பத்திரிகளில் போலவே, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள்.

மருந்து வருவதற்கு முன்னால் மருத்துவமும் பெருமைப்படத்தக்க நிலையில் இல்லை என்பதை மறைக்கக் கூடாது. இன்ஸுலின் ஏற்றி நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்துவது ஒரு சிகிச்சையாக இருந்தது. மூளையின் முன்பகுதி நரம்புகளை அறுக்கும் ரண சிகிச்சைக்காக எகாஸ் மோனிஸ் என்ற போர்த்துக்கேய டாக்டருக்கு 1949-இல் நோபல் பரிசே கிடைத்தது! வேப்பிலை அடியைக் கண்டு நகைப்பவர்கள் இதையும் நினைவில் வைக்கவேண்டும். ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மருத்துவம் தன் தவறான முறைகளைத் தானே சோதித்துத் தானே கைவிட்டது. மாந்திரிகத்தில் பேய் போகாவிட்டால், பேய் பலமானது என்று சொல்வார்களேயன்றி முறை தவறு என்று சொல்வதில்லை.

கீழ்ப்பாக்கத்தின் முகத்தை மாற்றியவர்களில் முதன்மையானவர் டாக்டர் சாரதா மேனன் அம்மையார். பாரதத்தின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் இவர் 1961-இல் இதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். நோயாளிகளுக்குத் தொழில் பழக்கி, அவர்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதே சிகிச்சையின் முடிவு என்று கொண்டார். 1984-இல் மனச்சிதைவு நோயாளிகளுக்கென்றே சென்னையில் ஸ்கார்ஃப் என்னும் ஆராய்ச்சி ஸ்தாபனத்தைத் தோற்றுவித்தார். 2021-இல் 98-ஆவது வயதில் காலமானார்.

பிணி என்பதற்கு அத்தாட்சி என்ன என்று நேயர்கள் கேட்கலாம். சுருக்கமாகச் சொல்கிறேன். மூளையில் டோபமின் என்னும் ரசாயனப் பொருள் ஒன்று நரம்புக்கு நரம்பு செய்தி கொண்டு செல்கிறது. அதன் வேகத்தைத் தணிக்கும் மாத்திரைகள் குரல்களை அடக்குகின்றன. மாறாக, அதைப் பெருக்கும் ஆம்ஃபெடமின் போன்ற போதைப் பொருள்களை மிகுதியாக உண்டவனுக்கு, எந்தப் புளியமரத்தடியிலும் போகாமலே, இதே குரல்களும் இதே சந்தேகங்களும் வந்துவிடுகின்றன. ஒரே கருவில் தோன்றிய இரட்டையரில் ஒருவருக்கு இந்நோய் வந்தால், மற்றவருக்கும் வருவது நூற்றுக்கு நாற்பது ஐம்பது பேருக்கு நேர்கிறது. பொதுவில் வாழ்நாளில் நூற்றில் ஒருவருக்குத்தான் வருகிறது. ஆகவே பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் பரம்பரை மட்டுமே காரணமல்ல. பிரசவ காலத்துச் சங்கடங்கள், இளமையில் கஞ்சாப் பழக்கம், கடுமையான வாழ்க்கை நெருக்கடிகள் ஆகியவையும் சேருகின்றன. தாய் வளர்த்த விதம் காரணம் என்று ஒரு காலத்தில் மேல்நாட்டு டாக்டர்கள் சிலர் சொன்னார்கள். அது பொய் என்று இப்பொழுது தள்ளப்பட்டுவிட்டது.

அப்படியானால் நம்பிக்கைக்கும் பழக்கவழக்கத்துக்கும் இதில் இடமே இல்லையா? உண்டு. தான்யா லூர்மன் என்ற அமெரிக்க அம்மையாரும் அவருடைய துணைவர்களும் கலிபோர்னியாவிலும், ஆப்பிரிக்காவில் அக்ரா நகரிலும், சென்னையிலும் இடத்துக்கு 20 நோயாளிகளாகப் பேட்டி கண்டு, அவர்கள் காதில் கேட்கும் குரல்களைப் பற்றி விசாரித்தார்கள். அமெரிக்க நோயாளிகளுக்குப் பெரும்பாலும் முகம் தெரியாதவர்களின் குரூரமான கட்டளைகள் கேட்டன. அக்ராவில் பலர் கடவுளின் குரலைக் கேட்டார்கள். சென்னையிலோ பலருக்கு அப்பா, மாமியார், அக்கா முதலிய உறவினரின் குரல்! குளி, சமை, வீட்டைப் பெருக்கு என்று அவை அதட்டின. நோய் மூளையினுடையது, ஆனால் அது பேசும் பாஷை ஊருக்கு ஊர் மாறுகிறது. முனீசுவரன் கோவில் உள்ள ஊரில் வளர்ந்தவனுக்கு முனி பேசுவதில் ஆச்சரியம் என்ன?

இன்னொரு செய்தி. தமிழ்நாட்டில் முத்துசாமி கோவில் ஒன்றில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை டாக்டர்கள் கவனித்து, 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரி ஆறு வாரம் தங்கினார்கள், மருந்து கொடுக்கப்படவில்லை. ஆயினும் நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய நூற்றுக்கு இருபது பங்கு குறைந்தது. இதற்குக் காரணம் மந்திரம் என்று டாக்டர்கள் சொல்லவில்லை. அக்கோவிலில் யாரையும் அடிப்பதில்லை, ஏசுவதில்லை, குடும்பத்தார் உடனிருக்கிறார்கள், நோயாளி கோவிலைப் பெருக்கிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறான். அந்த ஆதரவே காரணமாயிருக்கலாம் என்று கருதினார்கள். 31 பேர் என்பது சிறிய தொகை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு கூட்டமும் இல்லை. ஆகவே கோவில் போதும், மருந்து வேண்டாம் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது ஆபத்து. அன்பும் ஒரு மருந்து என்பதற்கு மட்டும் இது சாட்சி.

அன்பு இல்லாத இடத்தில், நோயாளியை நம்பி ஒப்படைத்துவிட்டுக் குடும்பம் போய்விட்ட இடத்தில், என்ன நேரும்? அதை அறியவே என் யாத்திரையின் கடைசி ஊரான ஏர்வாடிக்குப் போனேன்.

இராமநாதபுரத்துக்குத் தெற்கே, கீழக்கரையை அடுத்து, மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கிறது ஏர்வாடி. வழி நெடுகப் பனைமரமும் உடைமரமும். மதீனாவிலிருந்து 12-ஆம் நூற்றாண்டில் வந்ததாகச் சொல்லப்படும் சையது இப்ராகிம் ஷஹீது என்னும் பெரியவரின் தர்கா இங்கே உள்ளது. சந்தனக்கூடு உற்சவத்துக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே திரளுகிறார்கள். ஜாதி மத பேதமின்றித் துயரப்பட்டவர்கள் ஒரு கூரையின் கீழ் அமர்ந்திருப்பதைக் காண நம் தேசத்தின் மீது மரியாதை உண்டாகிறது. விளக்கு எண்ணெயும் தீர்த்தமும் இங்கே பிரசாதம். கனவில் பெரியவரின் உத்தரவு கிடைத்த பிறகுதான் ஊர் திரும்பவேண்டும் என்பது நம்பிக்கை. உத்தரவு சிலருக்கு மாதங்கள் கழித்துக் கிடைக்கும். சிலருக்கு வருஷங்கள் ஆனாலும் கிடைப்பதில்லை.

காத்திருக்கும் காலம் நீண்டதால், பணம் வாங்கிக்கொண்டு நோயாளிகளை வைத்துக்கொள்ளும் தனியார் விடுதிகள் தர்காவைச் சுற்றித் தோன்றின. டாக்டர் கிடையாது. ஓடிப்போகாமலிருக்கச் சங்கிலி. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலையில் அப்படிப்பட்ட ஓலைக் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது. காலில் சங்கிலி இருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களைப் பேயும் கொல்லவில்லை, பிணியும் கொல்லவில்லை, சங்கிலி கொன்றது. பெற்றோர்களில் பலர் கெட்டவர்கள் அல்லர் என்பதுதான் இதில் நெஞ்சை அறுக்கும் விஷயம். பிள்ளை குணமடைந்து வருவான் என்று நம்பி, கடன் வாங்கிப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் அவர்களுள் உண்டு.

தேசமே திடுக்கிட்டது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. சர்க்கார் அந்த விடுதிகளை மூடி, நோயாளிகளைத் தன் பாதுகாப்பில் எடுத்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று தெளிவாக விதித்தது. சட்டத்தைவிட முக்கியமானது, அந்தத் தீ விபத்துக்குப் பிறகு தோன்றிய ஒரு யோசனை. குஜராத்தில் உனாவா என்ற ஊரின் மீரா தாதார் தர்காவில் டாக்டர்கள், அங்குள்ள பெரியவர்களுடன் சண்டை போடுவதற்குப் பதிலாகக் கூட்டுச் சேர்ந்தார்கள். தவா என்றால் மருந்து. துவா என்றால் பிரார்த்தனை. இரண்டும் ஒரே வாசலில் கிடைக்கட்டும் என்பது ஏற்பாடு. ஏர்வாடியிலும் அம்முறை வந்திருக்கிறது. குணசீலத்திலும் கோவிலை ஒட்டியே மனநல மறுவாழ்வு இல்லம் நடக்கிறது. தீர்த்தமும் உண்டு, மாத்திரையும் உண்டு.

இது சாஸ்திரத்துக்கு இழுக்கு என்று என் சிநேகிதர் ஒருவர் வாதித்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நோயின் காரணத்தில் சமரசம் இல்லை, அது பிணியே. ஆனால் நோயாளியை எந்த வாசலில் சந்திப்பது என்பதில் சமரசம் செய்யலாம். தாய் தன் மகனை எங்கே அழைத்து வருகிறாளோ, அங்கே டாக்டர் போய் உட்காரட்டும். டாக்டர்மாரின் அநுபவம் ஒன்று உண்டு: குரல்கள் தொடங்கிய நாளுக்கும் முதல் மாத்திரைக்கும் இடையே கழியும் காலம் நீள நீள, குணமாவது கடினமாகிறது. ஒரு மண்டலம் கோவிலில் இருப்பதால் கெடுதல் இல்லை. டாக்டரைப் பார்க்காமல் ஒன்பது மண்டலம் கழிவதுதான் கெடுதல்.

பள்ளி ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. நோய் தலைகாட்டும் வயது, பிள்ளைகள் எங்கள் கையை விட்டுக் கல்லூரிக்குப் போகும் வயது. சுறுசுறுப்பான மாணவன் காரணமின்றி ஒதுங்கினால் அதைச் சோம்பல் என்றும் திமிர் என்றும் கண்டிப்பதோடு நில்லாமல் பெற்றோரை அழைத்துப் பேசவேண்டும். மாவட்டத் தலைநகர் ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்னும் சர்க்கார் சேவையும் நடக்கிறது, தமிழிலேயே பேசலாம். மருந்து எல்லாருக்கும் முழு குணம் தருவதில்லை. உடல் பருக்கும், கை நடுங்கும், பல ஆண்டுகள் விடாமல் உட்கொள்ள நேரும். இருந்தும், உரிய காலத்தில் தொடங்கிய பலர் வேலைக்குப் போகிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். பக்கத்து வீட்டாருக்குக்கூடத் தெரிவதில்லை.

ஏர்வாடியில் மாலைத் தொழுகைக்கு அழைப்புக் கேட்டபோது, கையில் தாயத்தும் மடியில் மாத்திரைப் பொட்டலமுமாக ஓர் இளைஞன் தன் தகப்பனாரோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தான். தாயத்து அவர்களுடைய மனத்துக்கு. மாத்திரை அவனுடைய மூளைக்கு. இரண்டில் எது அவனைத் தேற்றியது என்று அவர்களிடம் நான் கேட்கவில்லை. அவன் காலில் சங்கிலி இல்லை. அவர்கள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.